இருபதுகளில் திசை தெரியவில்லை: எதை, எந்த வரிசையில், எவ்வளவு நாள் செய்து பார்ப்பது?

நூல்கண்டு

பதினெட்டு முதல் முப்பது வயதுக்குள் இருப்பவர்கள் இந்தப் பகுதியில் அடிக்கடி கேட்பது ஒரே கேள்வி: “எனக்கு எது ஒத்துவரும்னே தெரியலை.” கிடைக்கும் பதில்களும் இரண்டே வகை. “மனசு சொல்றதைக் கேளுங்க” என்று ஒரு கூட்டம், “கிடைச்ச வேலையில சேர்ந்து ஒழுங்கா இருங்க” என்று இன்னொரு கூட்டம். மனசு வாயைத் திறக்காததால்தான் கேட்கவே வருகிறார்கள். வேலையில் இருந்துகொண்டே கேட்பவர்களும் நிறைய.

அதனால் இந்த இழை. முதலில் எதைச் செய்வது, எவ்வளவு நேரம், எந்த இடத்தில் சொதப்பும், ஏன் சொதப்பும், இவை மட்டும் எழுதுங்கள். “நான் அந்தக் காலத்துல” என்று தொடங்கும் சொந்தக் கதைகள் வேண்டாம். அவற்றுக்கு வேறு இழைகள் இருக்கின்றன.

பென்சில்முனை

எல்லோருக்கும் ஒரே மருந்து கொடுப்பதுதான் முதல் கோளாறு. “திசை தெரியவில்லை” என்பவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் நிற்கவில்லை.

எரிக் எரிக்சன் பேசத் தொடங்கிய அடையாள நெருக்கடியை, அதாவது “நான் யார், எதில் நிற்பது” என்ற தவிப்பை, உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா 1966இல் இரண்டு கேள்விகளாகச் சுருக்கினார். மாற்று வழிகளை உண்மையிலேயே அலசிப் பார்த்தீர்களா? ஏதாவது ஒன்றில் உறுதியாக நிற்கிறீர்களா? இந்த இரண்டுக்கும் ஆம், இல்லை என்று பதில் எழுதினால் நாலு நிலை வரும். அலசவும் இல்லை, நிற்கவும் இல்லை என்றால் அது சிதறல். அலசாமலே நிற்கிறார் என்றால் அது பிறர் கொடுத்த பாதை. அலசிக்கொண்டே இருக்கிறார், இன்னும் நிற்கவில்லை என்றால் அது தேடல். அலசிவிட்டு நிற்கிறார் என்றால் அடைந்துவிட்டார்.

செய்ய வேண்டியது: ஒரு தாளில் வேலை, உறவு, நம்பிக்கை, எங்கே வாழ்வது, பணம் என்று ஐந்து வரிசை போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இந்த இரண்டு கேள்விக்கும் தனித்தனியாகப் பதில். அரை மணி நேரம் போதும். மார்சியாவின் மூல நேர்காணலே தொழில், மதம், அரசியல் என்று பிரித்துத்தான் கேட்டது. காரணம் இருக்கிறது. ஒரே ஆள் நம்பிக்கையில் தெளிவாகவும் வேலையில் சிதறலாகவும் இருக்கலாம். “என் வாழ்க்கையே குழப்பம்” என்று வருபவர்களுக்குத் தாளில் எழுதினால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வரிசைதான் காலியாக இருக்கும்.

“அலசினேன்” என்று எழுதும்போது மட்டும் கண்டிப்பாக இருங்கள். வீடியோ பார்த்ததும் கட்டுரை படித்ததும் கணக்கில் வராது. அந்த வேலையைச் செய்து பார்த்தது, செய்பவருடன் உட்கார்ந்து பேசியது, பாடத்தை ஒரு கட்டம் வரை படித்தது இவைதான் கணக்கு.

நிலை தெரிந்தால் மருந்து மாறும். சிதறலில் இருப்பவரிடம் இருபது வாய்ப்புகளை அடுக்கினால் இன்னும் சிதறுவார். அவருக்குத் தேவை ஒரு சின்ன வேலை, ஒரு தேதி. பிறர் கொடுத்த பாதையில் இருப்பவரிடம் “இன்னும் கட்டுப்பாடாக இரு” என்று சொல்வது வீண். கட்டுப்பாடு அவரிடம் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. தேடலில் இருப்பவருக்கு முடிவுத் தேதி வேண்டும்.

ரெண்டாம்பெஞ்ச்

நல்லா இருக்கு. ஆனா ஒரு சந்தேகம். இந்த “தேடல்” கட்டத்துலயே வருஷக்கணக்கா உட்கார்ந்திருக்கறவங்க இருக்காங்களே? கேட்டா “நான் இன்னும் தேடிக்கிட்டிருக்கேன்”னு சொல்லுவாங்க. நிஜமா தேடறதுக்கும் சும்மா மண்டையை உடைச்சிக்கிறதுக்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கறது?

மழைக்காகிதம்

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். பெல்ஜியத்தைச் சேர்ந்த கோன் லூயிக்ஸும் குழுவினரும் 2008இல் இதைத்தான் தனியாகப் பிரித்தார்கள். அகலமாகத் தேடுவது ஒன்று, எடுத்ததை ஆழமாகச் சோதிப்பது இன்னொன்று. மூன்றாவதாக, பதில் வராமல் அதே கேள்வியை அரைத்துக்கொண்டிருப்பது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் “யோசிக்கிறான்” என்றுதான் தெரியும். ஆனால் மூன்றாவது மட்டும் மன உளைச்சலோடும் குறைந்த தன்மதிப்போடும் சேர்ந்து வருகிறது.

கண்டுபிடிக்க எளிய வழி: ஒரு மணி நேரம் யோசித்த பிறகு, தொடங்கும்போது தெரியாத ஒரு தகவலோ, நாளைக்குச் செய்ய ஒரு வேலையோ கையில் இருக்கிறதா? இரண்டும் இல்லை என்றால் அது அரைப்புதான். இன்னொரு அடையாளம் கேள்வியின் வடிவம். “நான் யார்?”, “நான் ஏன் இப்படி?” என்பவற்றுக்கு வெளியுலகில் எந்தத் தகவலும் பதில் தராது. அதனால் அவை முடிவதே இல்லை.

கேள்வியை மாற்றி எழுதுங்கள். “நான் ஆசிரியராகப் பிறந்தவனா?” என்பதை இப்படி உடைக்கலாம்: அதே பாடத்தை மூன்றாவது முறை விளக்கும்போது எரிச்சல் வருகிறதா? தவறான விடையைப் பார்த்தால், அந்தப் பிள்ளை எப்படி யோசித்தது என்று அறியும் ஆவல் வருகிறதா? திருத்த வேண்டிய நாற்பது தாள்கள் மேசையில் இருந்தால் இரண்டு நாளில் முடிக்க முடிகிறதா? இந்த மூன்றுக்கும் இரண்டு வார இறுதிகளில் பதில் கிடைத்துவிடும்.

டைரி எழுதுவது பற்றியும் ஒரு வார்த்தை. ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980களில் தொடங்கிய எழுத்துப் பரிசோதனைகளில் வழக்கமான அளவு, நாளுக்கு 15 முதல் 20 நிமிடம், மூன்று நான்கு நாள். அவ்வளவுதான். அதே கேள்வியைப் பற்றி மாதக்கணக்கில் தினமும் ஐந்து பக்கம் எழுதுபவர்கள் அரைப்பைத் தாளுக்கு மாற்றியிருக்கிறார்கள், வேறொன்றுமில்லை. ஒவ்வொரு முறை எழுதி முடித்ததும் கடைசி வரி ஒரு செயலாக இருக்கட்டும்: யாருக்கு, எப்போது, என்ன. அந்தச் செயல் முடியும் வரை அடுத்த பக்கத்தைத் திறக்காதீர்கள்.

கணக்கன்

சரி, செயலுக்கு வருவோம். இந்த இழையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சோதனைகளை மூன்று அளவில் வைத்துக்கொள்ளுங்கள்: அரை மணி நேரப் பேச்சு, 30–40 மணி நேர வேலை, மூன்று மாத ஈடுபாடு. சின்னதைத் தாண்டாமல் பெரியதற்குப் போகக் கூடாது. இரண்டு வருடப் படிப்பில் சேர்ந்து “எனக்குப் பிடிக்குமா” என்று பார்ப்பது, உலகிலேயே விலை அதிகமான சோதனை.

முதலில் பேச்சு. ஒரு துறைக்கு ஐந்து பேர். இருபது வருட அனுபவசாலியை மட்டும் தேடிப் போகாதீர்கள். அவர் சேர்ந்த காலத்து வாசல் இன்று மூடியிருக்கும், தொடக்கக் கட்டத்து வேலை எப்படி இருக்கும் என்பதும் அவருக்கு மறந்திருக்கும். உங்களைவிட இரண்டு முதல் ஐந்து வருடம் முன்னால் இருப்பவர் மூன்று பேர், மூத்தவர் ஒருவர், அந்தத் துறையை விட்டுப் போனவர் ஒருவர். இந்தக் கடைசி ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், ஆனால் அவர் சொல்வதுதான் வேறெங்கும் கிடைக்காது.

“உங்க வேலை பிடிச்சிருக்கா?” என்று கேட்காதீர்கள். மரியாதைக்கு ஒரு பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மாலை வரை என்னென்ன செய்தீர்கள்? எந்த வேலையைத் தள்ளிப்போடுகிறீர்கள்? இந்த வேலையில் நிலைக்க முடியாமல் போகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள்? முதல் வருடத்தில் யாரும் சொல்லாத விஷயம் எது? நேரம் 30 நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட நீட்டாதீர்கள். முடிவில் “இன்னும் ஒருத்தரைச் சொல்ல முடியுமா?” என்று கேட்டால் அடுத்த ஆள் தானாகக் கிடைப்பார்.

ஆள் தெரியாது என்பவர்களுக்கு: நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்தவர்களே. சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் காட்டியது இதைத்தான். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் பெரும்பான்மையினர், எப்போதாவதோ அபூர்வமாகவோ பார்க்கும் ஆட்களின் மூலம்தான் பெற்றிருந்தார்கள். பழைய வகுப்புத் தோழன், முன்னாள் பக்கத்து மேசைக்காரர், ஒருமுறை மட்டும் சேர்ந்து வேலை செய்தவர் என்று அந்த வட்டத்தில் தேடுங்கள்.

அடுத்து 30–40 மணி நேர வேலை. இதற்கு நாலு நிபந்தனை. உங்களைத் தவிர வேறொருவர் அதைப் பயன்படுத்த வேண்டும். அந்தத் துறையின் சலிப்பான பகுதியும் அதில் இருக்க வேண்டும். முடிவுத் தேதி இருக்க வேண்டும். முடிந்ததும் காட்டுவதற்கு ஏதாவது மிஞ்ச வேண்டும். எழுத்தில் ஆர்வமா? உங்கள் கவிதையை எழுதாதீர்கள். ஒரு சிறு அமைப்பின் அறிக்கையைத் திருத்திக் கொடுங்கள், மூன்று முறை திருப்பி அனுப்பப்படட்டும். புரோகிராமிங்கா? பாடத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்வது சோதனை ஆகாது. ஒருவர் தினமும் பயன்படுத்தும் சின்ன கருவியைச் செய்து, அவர் சொல்லும் பிழைகளைச் சரிசெய்யுங்கள். வேலையின் ருசி அங்கேதான் தெரியும்.

தொடங்கும் முன் ஒரே பக்கத்தில் மூன்று வரி எழுதி, தேதி போட்டு வையுங்கள். என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன், என்ன நடந்தால் விட்டுவிடுவேன், என்ன நடந்தால் மூன்று மாதத்துக்குப் போவேன். பிறகு எழுதினால், அன்றைய மனநிலைக்கு ஏற்ப அளவுகோலை நீங்களே வளைத்துவிடுவீர்கள்.

ஒவ்வொரு அமர்வுக்கும் மூன்று எண், 0 முதல் 10 வரை: உட்காரும்முன் தயக்கம், நடுவில் ஈடுபாடு, முடித்தபின் மறுபடி செய்யும் ஆசை. இதில் முதல் எண்ணை யாரும் பெரிதாக எடுக்க வேண்டாம், பிடித்த வேலைக்கும் தயக்கம் வரும். மூன்றாவது எண்தான் பேசும்.

எங்கே கெடுகிறது? முதல் பத்து மணி நேர எண்களை வைத்து முடிவெடுப்பதில். அப்போது அந்த எண்கள் அளப்பது உங்கள் கையின் திணறலை, ஆர்வத்தை அல்ல. ஓகீஃப், டுவெக், வால்டன் மூவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஆர்வம் என்பது எங்கோ ஏற்கெனவே இருக்கிறது, கண்டுபிடிக்க வேண்டியதுதான் என்று நம்பியவர்கள், விஷயம் கடினமானதும் ஆர்வத்தை அதிகம் இழந்தார்கள். ஆர்வம் வளர்வது என்று நினைத்தவர்களிடம் அந்த வீழ்ச்சி குறைவு. எனவே முதல் மூன்றிலொரு பங்கு எண்களைக் கணக்கிலிருந்து தள்ளுங்கள்.

இன்னொரு கெடுதல், வேலையையும் ஆட்களையும் கலந்துவிடுவது. மேலாளர் மோசம் என்பதற்காகத் துறையையே வெறுப்பவர்கள் உண்டு. குழு அருமை என்பதற்காக ஒத்துவராத வேலையில் ஆறு வருடம் இருப்பவர்களும் உண்டு. எண்களுக்குப் பக்கத்தில் “வேலை / ஆட்கள் / சூழல்” என்று போட்டு எது காரணமோ அதைச் சுழியுங்கள்.

ரெண்டாம்பெஞ்ச்

கணக்கன் சார், இதெல்லாம் நேரம் இருக்கறவங்களுக்கு. முழுநேர வேலை, வீட்டுப் பொறுப்பு, கடன் தவணை எல்லாம் இருக்கறவங்க என்ன பண்றது? வேலையை விட்டுட்டுத் தேடச் சொல்றீங்களா?

கணக்கன்

கண்டிப்பாக இல்லை. வேலையை விட்டுவிட்டுத் தேடுவது பெரும்பாலும் மோசமான யோசனை. கையிருப்பு கரையக் கரைய, கிடைத்த முதல் வாய்ப்பே “என் வழி” என்று தோன்ற ஆரம்பிக்கும். பயம் எடுக்கும் முடிவு அது.

வாரத்துக்கு நாலு மணி நேரம், பத்து வாரம். நாற்பது மணி நேரம் வந்துவிட்டது. நாலு மணியையும் ஒரே நாளில் திணிக்காமல் இரண்டிரண்டாகப் பிரியுங்கள். இடைவெளி ஏழு நாளுக்கு மேல் போனால், விட்ட இடத்தைப் பிடிப்பதிலேயே பாதி நேரம் போகும். நாலு மணி நேரக்காரர் ஒரே சமயத்தில் இரண்டு சோதனை நடத்தக் கூடாது. இரண்டும் திணறல் கட்டத்தைத் தாண்டாது.

இப்போதைய வேலைக்குள்ளேயே சோதனை செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. பக்கத்துப் பிரிவின் ஒரு வேலையை, மாதத்துக்கு ஒன்று, கேட்டு வாங்குங்கள். சம்பளம் நிற்காது, தவறினாலும் இழப்பு சிறிது.

விட்டே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், அத்தியாவசிய மாதச் செலவைக் கூட்டி ஆறால் பெருக்குங்கள். தவணையும் அதில் சேரும். அந்தத் தொகை கையில் இல்லாமல் ராஜினாமா கடிதம் எழுத வேண்டாம்.

ஊசிக்கண்

தேடலுக்கு இவ்வளவு இடம் கொடுத்தாயிற்று. எதிர்ப்பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும், நான் சொல்கிறேன். கதவுகளைத் திறந்தே வைப்பது இலவசம் இல்லை.

டேனியல் கில்பர்ட்டும் ஜேன் எபர்ட்டும் 2002இல் வெளியிட்ட சோதனை: புகைப்பட வகுப்பில் மாணவர்கள் தாங்கள் எடுத்த இரண்டு படங்களில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். பின்னால் மாற்றிக்கொள்ள ஒரு பிரிவினருக்கு அனுமதி, மற்றொரு பிரிவினருக்கு இல்லை. மாற்ற முடியாதவர்களுக்குத்தான் தங்கள் படம் பிறகு அதிகம் பிடித்தது. வேடிக்கை என்னவென்றால், மாற்றும் வசதியால் விருப்பம் குறையும் என்பதை மக்கள் முன்கூட்டி ஊகிப்பதில்லை. கேட்டால் வசதிதான் வேண்டும் என்பார்கள். அதே வருடம் பாரி ஷ்வார்ட்ஸ் குழு, எப்போதும் மிகச் சிறந்ததையே தேடுபவர்களிடம் வருத்தமும் மனச்சோர்வும் கூடுதல், மகிழ்ச்சி குறைவு என்று காட்டியது. “இது போதும்” என்ற அளவுகோலை முன்பே வைத்து, அதைத் தாண்டும் முதல் வாய்ப்பை எடுப்பது என்ற வழியை ஹெர்பர்ட் சைமன் 1950களிலேயே சொல்லிவிட்டார்.

எனவே என் வரிசை: அதிகபட்சம் மூன்று 40 மணி நேரச் சோதனை. அதற்குப் பிறகு நாலாவது கிடையாது, மூன்றில் ஒன்றை எடுத்து ஒரு வருடம். அந்த வருடத்தில் வேலை விளம்பரங்களை மேய்வதும், “அதை எடுத்திருந்தால்” என்று மற்ற துறை நண்பர்களோடு ஒப்பிடுவதும் நிறுத்தம். ஒரு வருடம் முழுக்கக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முன்பே குறித்த தேதியில், ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். நடுவில் எந்த மோசமான திங்கட்கிழமைக்கும் ஓட்டுரிமை இல்லை.

பரிசீலனையில் கேட்க வேண்டியவை: மூன்று மாதத்துக்கு முன் முடியாத எது இப்போது முடிகிறது? இந்த வேலையைப் பற்றி யாரும் கேட்காமலே எதைப் படிக்கிறேன்? இதைச் செய்பவர்களில் எவரைப் போல ஆக விருப்பம், அப்படி ஒருவர்கூடத் தென்படவில்லையா? கடைசிக் கேள்விக்குத் தொடர்ந்து இரண்டு முறை “ஒருவரும் இல்லை” என்று வந்தால், திறமை கூடிக்கொண்டிருந்தாலும் விலகுவது பற்றி யோசிக்கலாம்.

பென்சில்முனை

மூன்று என்ற எண்ணுக்கு ஏதாவது அடிப்படை உண்டா? வாய்ப்புகளில் முதல் 37 சதவீதத்தைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு அவற்றைவிட நல்லது வந்தால் எடு என்று ஒரு கணித விதி சுற்றிக்கொண்டிருக்கிறதே?

ஊசிக்கண்

மூன்று என்பது நடைமுறைக்கான எண், அவ்வளவுதான். 40 மணி நேரம் மூன்று முறை என்றால் வாரம் நாலு மணி நேரக்காரருக்கே ஏழெட்டு மாதம் ஆகிவிடும். அதற்கு மேல் நீட்டினால் முதல் சோதனை மறந்துபோகும்.

37 சதவீத விதிக்கு மூன்று நிபந்தனை உண்டு. மொத்தம் எத்தனை வாய்ப்பு என்று முன்பே தெரிய வேண்டும், விட்டதைத் திரும்ப எடுக்க முடியாது, முதலிடத்தைத் தவிர மற்ற எல்லாம் தோல்வி. வேலைத் தேர்வில் மூன்றுமே பொய். அதை மறந்துவிடுங்கள்.

இலைநரம்பு

இதுவரை எல்லோரும் தேர்வு செய்யும் சுதந்திரம் இருப்பவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். பெற்றோர் சொன்ன படிப்பு, சொன்ன வேலை, அதில் நன்றாகவும் இருக்கிறார், ஆனால் உள்ளே ஒட்டவில்லை. இப்படிப்பட்டவர் தன் ஆசை எது, அவர்கள் ஆசை எது என்று எப்படிப் பிரிப்பது?

மழைக்காகிதம்

உளவியலாளர் டோரி ஹிக்கின்ஸ் 1987இல் முன்வைத்த ஒரு பிரிப்பு இங்கே உதவும். “நான் ஆக விரும்புவது” கைநழுவினால் வருவது பெரும்பாலும் ஏமாற்றம், சோகம். “நான் ஆக வேண்டியது” கைநழுவினால் வருவது பதற்றம், குற்றவுணர்வு, பயம்.

இதைச் சோதனையாக்கலாம். விண்ணப்பித்த இடத்திலிருந்து “தேர்வாகவில்லை” என்று கடிதம் வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து விநாடியில் வந்தது எது? “இதை வீட்டில் எப்படிச் சொல்வது” என்பதா, நிம்மதியா, “அந்த வேலையைச் செய்ய முடியாமல் போயிற்றே” என்ற வருத்தமா? ஒருமுறை கேட்டால் போதாது. உண்மையான சின்னத் தோல்விகள் வரும்போதெல்லாம் குறித்து வையுங்கள், ஐந்தாறு சேர்ந்ததும் பாருங்கள்.

ஆனால் இங்கே பலர் அவசரப்பட்டு அடுத்த முனைக்குப் போய்விடுகிறார்கள். பெற்றோர் கொடுத்தது என்பதற்காகவே ஒரு பாதை தவறாகிவிடாது. உளவியலாளர்கள் டெசியும் ரயனும் வளர்த்த சுயநிர்ணயக் கோட்பாட்டின்படி, வெளியிலிருந்து வந்த குறிக்கோளும் அதன் காரணத்தை நாமே ஏற்கும்போது நம்முடையதாக மாறும். எதிர்ப்புக்காக மட்டும் எடுக்கும் பாதையும் பெற்றோர் தீர்மானித்ததுதான், தலைகீழாக. எனவே கொடுக்கப்பட்ட பாதையையும் மூன்று சோதனைகளில் ஒன்றாகச் சேருங்கள். மற்றவற்றுக்கு வைத்த அதே எண்கள், அதே நிபந்தனைகள் அதற்கும்.

வீட்டில் பேசுவதில் ஒரு நுணுக்கம். “நான் எழுத்தாளர் ஆகப்போகிறேன்” என்று அடையாளத்தை அறிவித்தால், அவர்கள் அந்த அடையாளத்தோடு சண்டை போடுவார்கள். “ஆறு மாதம், வேலையை விடவில்லை, இந்தத் தேதிக்குள் இந்த மூன்று முடிந்திருக்கும், முடியாவிட்டால் பழைய திட்டம்” என்று சொன்னால், பேச்சு தேதியைப் பற்றி நடக்கும். அது பேரம் பேசக்கூடிய விஷயம்.

ஊசிக்கண்

அதற்கு இன்னொரு காரணமும் சேர்த்துக்கொள்ளுங்கள். பீட்டர் கோல்விட்சர் குழு 2009இல் வெளியிட்ட சோதனைகளில், அடையாளம் சார்ந்த எண்ணத்தைப் பிறர் கவனித்ததாக உணர்ந்தவர்கள், யாரும் கவனிக்காதவர்களைவிட அதற்காகக் குறைவாக உழைத்தார்கள். சொன்னதுமே பாதி அடைந்த திருப்தி வந்துவிடுகிறது. சமூக ஊடகத்தில் பெயருக்குக் கீழே “புகைப்படக் கலைஞர்” என்று போடுவதை முதல் வேலையை முடித்துக் கொடுத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ரெண்டாம்பெஞ்ச்

ஆன்லைன்ல பர்சனாலிட்டி டெஸ்ட், ஆப்டிட்யூட் டெஸ்ட்னு ஆயிரம் இருக்கே. ஒண்ணு எழுதினா இவ்வளவு அலைச்சல் மிச்சமாகாதா?

பென்சில்முனை

அலைச்சலின் முதல் பத்து சதவீதம் மிச்சமாகும். பயன் தருவது ஆர்வச் சோதனைகள்தான். ஜான் ஹாலந்து 1959இலிருந்து வளர்த்த முறையில் ஆறு வகை உண்டு: கையால் செய்வது, ஆராய்வது, படைப்பது, மனிதர்களுக்கு உதவுவது, முன்னின்று நடத்துவது, ஒழுங்குபடுத்துவது. முதல் இரண்டு மூன்று வகையை மட்டும் எடுத்து, எந்தத் துறைகளில் அந்த ஐந்து பேரைத் தேடுவது என்று தீர்மானிக்கப் பயன்படுத்துங்கள். அதற்கு மேல் அதனிடம் கேட்காதீர்கள். அது ஆர்வத்தைச் சொல்லும், திறமையைச் சொல்லாது.

ஆறும் ஒரே மாதிரி தாழ்வாக வந்தால் “எனக்கு ஆர்வமே இல்லை” என்று படிக்கக் கூடாது. ஒன்று, அனுபவம் மிகக் குறைவு, செய்யாத வேலையைப் பிடிக்குமா என்று எப்படிச் சொல்வது? இல்லாவிட்டால் மனநிலை தாழ்வு.

மனிதர்களைப் பதினாறு வகையாகப் பிரிக்கும் எழுத்துக் குறியீட்டுச் சோதனைகளை அரட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவை ஒவ்வொரு அளவையும் நடுவில் வெட்டி இரண்டாக்குகின்றன. மனிதர்களில் பெரும்பாலோர் நடுவுக்கு அருகில்தான் இருப்பார்கள், எனவே சில வாரம் கழித்து அதே ஆள் எழுதினால் எழுத்து மாறிவிடுவது சகஜம்.

வெண்சுவர்

மனநிலை என்று வந்ததால் இதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மேலே சொன்ன எல்லாம் சிலருக்குத் தீங்காகவே முடியும்.

இரண்டு வாரம் அல்லது அதற்கு மேல், நாளின் பெரும்பகுதி, அநேகமாகத் தினமும் மனம் தாழ்ந்திருப்பது அல்லது எதிலும் நாட்டம் இல்லாமல் போவது. கூடவே தூக்கம், பசி, கவனம், உடல்தெம்பு ஆகியவற்றில் மாற்றம், தன்னைப் பற்றி “பயனற்றவன்” என்ற எண்ணம். இப்படி இருந்தால் இது திசைப் பிரச்சினை அல்ல, மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். தைராய்டு குறைவும் இரத்தசோகையும்கூட இதே சோர்வைத் தரும், எனவே இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். தற்கொலை எண்ணம் வந்தால் காத்திருக்காமல் உடனே உதவி தேடுங்கள், ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நடைமுறையில் இதைக் காட்டிக்கொடுக்கும் ஒரு குறி: முன்பு பிடித்தவையும் இப்போது பிடிக்கவில்லை. திசை தெரியாதவருக்கு வேலை குழப்பமாக இருக்கும், ஆனால் நண்பர்களோடு சிரிக்க முடியும், பிடித்த பாட்டு இன்னும் பிடிக்கும். மனச்சோர்வு நோயில் எல்லாமே சப்பென்று ஆகும். அந்த நிலையில் கணக்கன் சொன்ன மூன்று எண்களைப் போட்டால் எல்லாத் துறைக்கும் பூஜ்யம்தான் வரும். அதை வைத்து ஒரு நல்ல வழியை அடித்துவிடுவார்கள். சிகிச்சை பலன் தரும் வரை பெரிய முடிவுகளைத் தள்ளிவையுங்கள். தள்ளிப்போட முடியாத முடிவென்றால், நம்பகமான ஒருவரை உடன் வைத்துக்கொண்டு எடுங்கள்.

சில வாரங்களாக ஐந்து மணி நேரம் மட்டும் தூங்குபவருக்கும் எண்கள் பொய் சொல்லும். முதலில் தூக்கம்.

இலைநரம்பு

நன்றி வெண்சுவர், இது முதல் பதிவிலேயே இருக்க வேண்டியது. நூல்கண்டு, முடிந்தால் மேலே இணைத்துவிடுங்கள்.

இன்னொன்று. 28, 29 வயதில் இதைத் தொடங்குபவர்கள் “பஸ் போயிடுச்சு” என்ற எண்ணத்தோடுதான் வருகிறார்கள். அவர்களுக்கு என்ன பதில்?

மழைக்காகிதம்

ஜெஃப்ரி ஆர்னெட் 2000இல் இந்தப் பருவத்துக்குத் தனிப் பெயர் கொடுத்தபோது 18 முதல் 25 என்றார், பின்னாளில் 29 வரை நீட்டினார். அதைவிட உபயோகமான தகவல் 2013இல் குவாட்பாக், கில்பர்ட், வில்சன் வெளியிட்டது. 18 முதல் 68 வயது வரை 19,000க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டார்கள். எந்த வயதுக்காரரும் கடந்த பத்து வருடத்தில் தான் நிறைய மாறியதாகச் சொன்னார், அடுத்த பத்து வருடத்தில் பெரிதாக மாறமாட்டேன் என்றும் நினைத்தார். ஒவ்வொரு வயதிலும் அதே ஊகம், அதே பிழை.

இதிலிருந்து இரண்டு நடைமுறை முடிவு. திட்டத்தை இரண்டு மூன்று வருட அளவில் போடுங்கள், “வாழ்நாள் முழுக்க” என்ற சொல்லே தாளில் வேண்டாம். பத்து வருடம் கட்டிப்போடும் ஒப்பந்தத்தையும் கடனையும், இன்றைய ரசனையை மட்டும் நம்பி எடுக்காதீர்கள்.

போன வருடங்களைக் கணக்கில் சேர்ப்பதுதான் 29இல் நடக்கும் வழக்கமான தவறு. “ஆறு வருடம் இதில் போட்டுவிட்டேன்” என்பது இனி எதையும் மாற்றாது. கேட்க வேண்டியது, இன்று புதிதாக வந்தவராக இந்தத் திறமைகளோடு நின்றால் எதை எடுப்பீர்கள் என்பது. ஆறு வருடத்தில் கற்றதில் எது அடுத்த துறைக்கு வரும் என்று தனியாகப் பட்டியல் போடுங்கள். வேலைப் பெயர்களை விட்டுவிட்டு வினைச்சொற்களில் எழுதுங்கள்: பேரம் பேசினேன், கணக்கு சரிபார்த்தேன், கோபமான வாடிக்கையாளரைச் சமாளித்தேன். பெயர்ச்சொல்லில் எழுதினால் எதுவும் மாற்றிக்கொண்டு போக முடியாததாகத் தெரியும்.

ரெண்டாம்பெஞ்ச்

கடைசியா ஒண்ணு. எல்லாம் பண்ணியாச்சு. ரெண்டு துறை மிஞ்சுது. மூணாவது எண் ரெண்டுக்கும் சராசரி 6. அப்போ?

கணக்கன்

முதலில் சராசரியை விட்டுவிட்டுச் சிதறலைப் பாருங்கள். ஒன்றில் எண்கள் 5, 6, 7 என்று இருக்கும், இன்னொன்றில் 2, 9, 3, 10 என்று இருக்கும். இரண்டும் சராசரி 6. இரண்டாவதில் 9, 10 வந்த நாட்களில் என்ன செய்தீர்கள் என்று பாருங்கள். அந்தப் பகுதி மட்டும் அதிகமாக இருக்கும் வேலை அதே துறைக்குள் இருக்கும், அதைத் தேடுங்கள்.

சிதறலும் ஒரே மாதிரி என்றால் பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட் 2021இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லலாம். முடிவெடுக்க முடியாமல் தவித்தவர்கள் ஒரு தளத்தில் நாணயம் சுண்டினார்கள். வேலையை விடுவது போன்ற பெரிய முடிவுகளில் “மாறு” என்று விழுந்தவர்கள், ஆறு மாதம் கழித்து, “இருப்பதிலேயே இரு” என்று விழுந்தவர்களைவிட அதிக மகிழ்ச்சியாக இருந்ததாகச் சொன்னார்கள். எனவே சமநிலையில் ஒன்று பழையது, ஒன்று புதியது என்றால் புதியது பக்கம் சாயலாம். ஆனால் அந்தத் தளத்துக்கு வந்தவர்கள் ஏற்கெனவே மாற்றத்தின் விளிம்பில் நின்றவர்கள். நன்றாக இருப்பவர் வேலையை விட இது சாக்கு ஆகாது.

இரண்டுமே புதியது என்றால், பின்வாங்கச் செலவு குறைவானது எதுவோ அதை முதலில் எடுத்து மூன்று மாதம். நுழைவுத் தேதியோ வயது வரம்போ இருக்கும் துறை என்றால் மட்டும் வரிசையை மாற்றுங்கள்.

ஊசிக்கண்

மூன்று மாதம் முடியும்போது மற்றொன்றை “சும்மா ஒருமுறை பார்த்துவிடலாம்” என்று தோன்றும். என் கணக்குப்படி அதற்கு அனுமதி இல்லை.

கணக்கன்

அதில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். மூன்று மாதத்தின் கடைசி நான்கு வார எண்கள் முதல் நான்கு வாரத்தைவிடக் குறைந்திருந்தால் பார்க்கலாம். கூடியிருந்தாலோ அப்படியே இருந்தாலோ பார்க்கத் தேவையில்லை.